பிணை நின்றவருக்குச் செலுத்தும் காணிக்கை

துன்பக் காலத்தில் கைவிடாது உடனிருந்த நண்பர்களைத் தந்தமைக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவது நம் மக்களிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் நல்வழக்கம். நோய் தீர்ந்தவர், வழக்கு முடிந்தவர், விளைச்சல் கண்டவர் எல்லாரும் தத்தம் தெய்வத்தின் முன் சென்று நிற்கின்றனர். போடி பரமசிவன் மலைக்கோயிலுக்குப் படி ஏறுவோர் ஏறுகின்றனர். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுப்போர் எடுக்கின்றனர். தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுவோரும், பள்ளிவாசலில் தொழுதபின் ஏழைகளுக்கு உணவளிப்போரும் உளர். இவ்வழக்கம் நீடு வாழ்க என்பதே நம் விருப்பம்.

ஆயினும் இதனையொட்டி நம் சங்கங்களின் அங்கத்தினர் அனைவரும் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நண்பனைத் தந்த இறைவனுக்கு நன்றி கூறிவிட்டோம். இறைவன் தந்த அந்த நண்பனை நாம் இன்று எந்நிலையில் வைத்திருக்கிறோம்? குறிப்பாக, நம் கடன் பத்திரத்தில் பிணைக் கையொப்பம் இட்டவரை எந்நிலையில் வைத்திருக்கிறோம்? இக்கேள்வியைப் பற்றியே இத்திங்கள் எழுத முற்படுகிறோம்.

நம் பக்கத்தில் துன்பக் காலம் எவ்வாறு வருகிறது என்பதை முதலில் நினைவுகூர்வோம். போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என விரிந்து கிடக்கும் ஏலமலைகளையும், இப்பால் அடிவாரத்திலுள்ள போடி, தேவாரம், கம்பம் முதலிய ஊர்களையும் பிரித்துப் பேச இயலாது. தோட்டம் அங்கே, தோட்டத்தில் வேலை செய்யும் கைகளுள் பெரும்பகுதி இங்கே. ஏலச்செடியோ மென்மையானது. நிழல் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், ஈரம் வேண்டும். நட்டது பயன் தரச் சற்றேறக்குறைய மூன்றாண்டு காத்திருக்கவும் வேண்டும். மழை மிகுந்தால் காய் அழுகும். மழை பொய்த்தால் செடி கருகும்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெய்த பெருமழையில் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்கள் பல சரிந்தன. சரிவுக்குத் தப்பிய செடிகளை அழுகல் நோய் பற்றியது. விளைச்சல் குறையவே மறு ஆண்டு விலை ஏறிற்று. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை சென்றதை நாம் கண்டோம். அவ்விலையை நம்பிக் கடன் பெற்றுப் புதுச்செடி நட்டவர் பலர். அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சு இறுதியில், கொள்ளைநோயின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏலம் நின்றது, மலைப்பாதை அடைபட்டது, அடிவாரத்துத் தொழிலாளர் மேலே செல்ல வழியற்றுப் போயினர். புதுச்செடிகள் காய்க்கத் தொடங்கிய 2022ஆம் ஆண்டிலோ விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. பின்னர் 2024 கோடையில் மலை காணாத வெயில் அடித்து, வளர்ந்த செடிகளையே தூரோடு உலர்த்திற்று. ஏழாண்டுக்குள் இத்தனை ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரு குடும்பம் தனியே தாங்குவது எங்ஙனம்?

நெசவாளர் நிலையும் வேறன்று. சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓட்டும் அன்பர்கள் இதனை நன்கறிவர். அடைமழையில் பாவு விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்த முடியாது. குழித்தறியில் ஈரம் ஊறும். நூல் விலை ஏறும். சேலை விலை அவ்வேகத்தில் ஏறாது. ஊரடங்கின்போது சித்திரை, வைகாசித் திருமணங்கள் சுருங்கவே நெய்த சேலைகள் விலைபோகாமல் அடுக்கில் கிடந்தன. தறி நின்றால் அடுப்பும் நிற்கும் குடும்பங்கள் அவை.

இத்தகைய காலங்களில் யார் உடனிருந்தனர்? சற்று எண்ணிப் பார்ப்போம். பறித்த பச்சைக்காயை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. விரைவில் உலர்த்தாவிடில் நிறம் கெடும், விலை போகும். ஒரு கிலோ உலர்காய் பெறுவதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும் என்பதை அறிந்தவர்க்கு, அக்காய் கெட்டால் வரும் நட்டம் இன்னதெனத் தெரியும். தம் ஸ்டோரில் தம் காய் காத்திருக்க, அண்டைத் தோட்டக்காரரின் காயை முதலில் உலர்த்திக் கொடுத்தவர் நண்பர். கூலி பாக்கி நின்றபோதும், 'விலை வந்ததும் தாருங்கள்' என்று விடியற்காலை ஜீப்பேறிக் காயெடுப்புக்கு வந்த பெண்கள் நண்பர். பெயரைக் கணக்கில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் அளந்த மளிகைக் கடைக்காரர் நண்பர். நோயுற்றுக் கிடந்தவரின் தறியில் அமர்ந்து, அறுபடாமல் அவர் பாவை நெய்து முடித்துக் கொடுத்த பக்கத்துத் தறிக்காரர் நண்பர். இவர்கள் எல்லாருக்கும் மேலாக, சங்கத்தில் கடன் கேட்டபோது உடன் வந்து, 'இவர் கட்டாவிடில் நான் கட்டுவேன்' என்று கையொப்பமிட்டவர் நண்பர்.

ஆடை நழுவுங்கால் கை தானே விரைந்து சென்று பற்றுவதை வள்ளுவர் நட்புக்கு உவமை ஆக்கினார். துணி நெய்வோருக்கு இதனினும் நெருங்கிய உவமை வேறு வேண்டுவதில்லை. நட்பைப் பற்றியும் அதன் மெய்யும் பொய்யும் பற்றியும் ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து வகுத்த அப்பெரியார், செய்ந்நன்றி அறிதலுக்கென அறத்துப்பாலில் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். உதவி பெறுவது பொருளின்பாற்படினும், அதனை மறவாதிருப்பது அறத்தின்பாற்பட்டது என்னும் குறிப்பை நாம் இதிலிருந்து கொள்ளலாம்.

முன்பின் அறியாதாரும் துன்பத்தில் நண்பராவது உண்டு. 2018 மார்ச்சு 11 அன்று நம் போடிக்கு மேற்கே குரங்கணி மலைக்காட்டில் தீப் பற்றியது. வெளியூர்களிலிருந்து மலையேற வந்தவர்கள் அதில் சிக்கினர். 23 உயிர்கள் பலியாயின. செய்தி எட்டியதும் முதலில் மேலே விரைந்தவர்களுள் அப்பகுதி மக்களும் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். தீக்காயமுற்றோரைப் போர்வையிலும் டோலியிலும் சுமந்து, இருளில் செங்குத்தான சரிவுகளின் வழியே இறக்கினர். இன்ன ஊர், இன்ன குலம் என்று கேட்டு அவர்கள் தோள் கொடுக்கவில்லை. அன்று உயிர் தப்பியவர்கள் இறைவனைத் தொழும்போது, அத்தோள்களையும் நினைந்தே தொழுவர் என்பதில் ஐயமில்லை.

நெசவாளரின் வரலாற்றிலும் இதுபோன்றதொரு காலம் உண்டு. 1952ஆம் ஆண்டு அந்நாளைய சென்னை மாநிலத்தில் கைத்தறித் துணி விற்பனையின்றித் தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடின. அரசியல் தலைவர்கள் துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்றனர். 1953இல் மத்திய அரசு ஆலைத் துணியின்மேல் கெஜத்துக்குக் காலணா வீதம் வரி விதித்து, அத்தொகையைக் கைத்தறிக்கும் கதருக்கும் ஒதுக்கிற்று. அப்பணத்திலிருந்துதான் நெசவாளர் சங்கங்களுக்கு நடைமுறை மூலதனம் கிடைத்தது; பங்குத்தொகை கட்ட வகையற்ற நெசவாளர்க்கு அதற்கும் கடன் கிடைத்தது. தறியையே கண்டறியாத எத்தனையோ இலட்சம் பேர் தாம் வாங்கிய ஒவ்வொரு கெஜத்திலும் காலணாவை நெசவாளர்க்காகக் கொடுத்தனர். அவர்கள் பெயரை எவரும் அறியோம். எனினும் நம் சங்கங்கள் பலவற்றின் அடித்தளத்தில் அக்காலணாக்கள் கிடக்கின்றன.

இனி, இவ்வுதவிகளையெல்லாம் இறைவனுடையவை என்று கொள்வது எவ்வாறு பொருந்தும் எனப் பார்ப்போம். இதற்குப் பெரியபுராணத்தில் வரும் குண்டையூர் கிழார் வரலாறு நல்ல விளக்கமாகும். தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவர் சுந்தரர். இறைவனையே தோழனாகக் கொண்ட அவருக்கும் வீட்டுக்கு நெல் வேண்டியிருந்தது. அதனைத் திருவாரூருக்குத் தவறாமல் அனுப்பி வந்தவர் குண்டையூரில் வாழ்ந்த உழவர் ஒருவர். மழை பொய்த்து விளைச்சல் அற்ற காலத்தில், தமக்கு இல்லையே என்பதைக் காட்டிலும், அனுப்ப இயலவில்லையே என்று அவர் மனம் நொந்தார். இறைவன் அவருக்கு நெல்லை மலைபோலக் குவித்துக் கொடுத்தான். சுந்தரர் குண்டையூருக்கு வந்து அதனைக் கண்டார். அவ்வளவு நெல்லைச் சுமப்பது மனிதரால் ஆகாதெனத் திருக்கோளிலியில் ஆள் வேண்டிப் பாடினார். இரவோடிரவாகப் பூதகணங்கள் நெல்லைத் திருவாரூரில் கொண்டு சேர்த்தன. காலையில் பரவையார் அந்நெல்லைத் தம் வீட்டில் பூட்டி வைக்கவில்லை. அவரவர் வாயிலில் குவிந்ததை அவரவரே எடுத்துக்கொள்க என்று பறையறைவித்தார்.

இவ்வரலாற்றை நம்பிக்கையோடு படிப்பவர் படிக்கட்டும். நீதிக்கதையாகக் கொள்பவர் அவ்வாறே கொள்ளட்டும். இரு சாராரும் காணத்தக்கவை மூன்று. இறைவன் கொடுத்தபோதும் அது ஓர் உழவரின் களத்து வழியாகவே வந்தது. வந்த நெல்லை ஊர் சேர்க்க மீண்டும் சுமக்கும் தோள்கள் வேண்டியிருந்தன. சேர்ந்தபின் அது பெற்றவர் வீட்டோடு நில்லாமல் ஊரார் வீடுகளுக்கும் சென்றது. கொடுப்பவன் இறைவன், கொண்டுவருபவன் நண்பன், பெற்றவனோ மேலும் நால்வருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன். இம்மூன்றில் ஒன்று அறுந்தாலும் நன்றி என்பது வெறும் வாய்ச்சொல்லாகிவிடும்.

அறுவது எங்கே என்பதுதான் நம் கவலை. 'எல்லாம் ஆண்டவன் செயல். மனிதர் வெறும் கருவி' என்று சிலர் கூறுகின்றனர். கேட்பதற்குப் பணிவாகத் தோன்றும் இச்சொல், நடைமுறையில் நன்றிக் கடனைத் தட்டிக் கழிக்கும் வழியாகவும் பயன்படுகிறது. ஆண்டவன் செயலென்று வெள்ளிக் கவசம் சாத்துகின்றனர். கருவியாக நின்றவரின் வீட்டுக்கோ சங்கத்தின் அறிவிப்பு செல்கிறது. கூலிப் பாக்கி தீராமலிருக்க உண்டியலில் இடும் பணம் உண்மையில் யாருடைய பணம்? அது காயெடுத்த பெண்ணின் பணம். தவணை நிற்க அன்னதானம் இடும் அரிசி யாருடைய அரிசி? அது பிணை நின்றவரின் வீட்டு அரிசி. பிறர் பொருளைக் கொண்டு செய்யும் காணிக்கையை எந்தச் சமயமும் புகழ்ந்ததாக நாம் அறியோம்.

'நட்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது முறையா? அன்பினால் செய்ததற்கு ஏடும் பேனாவும் எதற்கு?' என்று கேட்பவரும் உளர். கூட்டுறவு இயக்கம் தோன்றிய வரலாறே இதற்கு விடை. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு 28 தொழிலாளர் ஒன்றுகூடினர். அவர்களுள் பலர் கம்பளித் துணி நெசவாளர். கூலி உயர்வு கேட்டுத் தோற்றவர்கள். கடையில் கலப்பட மாவை யானை விலைக்கு வாங்கித் தின்றவர்கள். வாரம் 2 பென்ஸாகச் சேர்த்து ஆளுக்கொரு பவுன் பங்குத்தொகை திரட்டி, அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று சிறு பண்டகசாலை ஒன்றைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சில சரக்குகளே அங்கு இருந்தன. அவர்களிடம் நட்பு முன்னரே இருந்தது. அந்நட்பு பசிக்கு உதவும் வலிமை பெற்றது, அளவும் நிறையும் ஏடும் ஒழுங்கானபோதுதான்.

ஜெர்மனியில் வயர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதியின் நிர்வாகத் தலைவராயிருந்த ரைபெய்சன் என்பாரின் அனுபவமும் இதுவே. 1846-47ஆம் ஆண்டின் பஞ்சக் குளிர்காலத்தில், வசதி படைத்தவரிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, 'பின்னர்த் தாருங்கள்' என ஏழைகளுக்குக் கொடுக்க அவர் ஏற்பாடு செய்தார். இறைப்பற்று மிக்க கிறித்தவரான அவர், அயலானுக்கு உதவுவதை இறைவனுக்குச் செய்யும் கடமையாகவே கருதினார். எனினும் செல்வரின் இரக்கத்தை மட்டும் நம்பிய ஏற்பாடுகள் நெடுநாள் நில்லா என்பதை நாளடைவில் கண்டு, 1860களில் உழவரே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கங்களை நிறுவினார். ஒருவன் கடனுக்கு அனைவரும் பொறுப்பு என்பதே அவற்றின் உயிர்நாடி. சென்னை மாகாணத்து அதிகாரியான பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில் இம்முறையையே நம் நாட்டுக்குப் பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதன்பின் வந்தது.

அந்நாளில் இச்சங்கங்களைத் தமிழில் 'ஐக்கிய நாணயச் சங்கம்' என்றனர். பெயரிட்டவர் அறிவுடையவர். நாணயம் என்பது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். இரண்டும் ஒன்றாயிருக்கும் இடமே சங்கம். பிணை என்னும் சொல்லும் அத்தகையதே. பழைய பாவு முடியும் தறுவாயில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழைகளோடு முறுக்கிச் சேர்ப்பதைப் பாவு பிணைத்தல் என்கின்றனர் நம் நெசவாளர். பிணைப்பு நன்றாயிருந்தால் தறி நில்லாமல் ஓடும். ஓர் இழை நழுவினால் அது துணி முழுவதும் தெரியும். கடன் பத்திரத்தில் பிணை நிற்பவர் செய்வதும் இதுவன்றோ? ஒரு குடும்பத்தின் பொல்லாத ஆண்டை அடுத்த நல்ல ஆண்டோடு தம் பெயரால் முடிந்து கொடுக்கிறார்.

சட்டம் அவரை எங்கு நிறுத்துகிறது என்பதை அங்கத்தினர் பலர் உணர்வதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாகக் கூறப்படாத வரையில், கடன் பெற்றவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் பிணைதாரரின் பொறுப்பு. முதலில் கடன் பெற்றவரிடம் எல்லா வழிகளிலும் கேட்டு முடித்தபின்தான் பிணைதாரரிடம் வருவார்கள் என எண்ணுவது தவறு. பிணைதாரர் கட்டிய தொகையைக் கடன் பெற்றவர் அவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 145ஆம் பிரிவு கூறுகிறது. ஆயின் அதற்காக நண்பர்மீது வழக்குத் தொடுப்பவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் வாய் திறவாமல் நகையை விற்றுக் கட்டிவிட்டு, அதன்பின் அந்த வீட்டு வாயிலை மிதிப்பதில்லை. பணமும் போயிற்று, நட்பும் போயிற்று. மகள் திருமணத்துக்கென அவர் சங்கத்தில் கடன் கேட்கும்போது, மற்றவர் கடனுக்கு நின்ற பிணை அவர் கடனுக்கே தடையாகிறது.

'அரசு எப்படியும் தள்ளுபடி செய்யும்' என்னும் எண்ணமும் இங்கே இடையூறு செய்கிறது. தமிழகத்தில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுக் கடன்கள் தள்ளுபடி ஆயின. 2021இல் மட்டும் அறிவிக்கப்பட்ட பயிர்க்கடன் தள்ளுபடி 12,110 கோடி ரூபாய். வெள்ளத்திலும் வறட்சியிலும் நொந்த உழவருக்கு அவை பேருதவி என்பதை மறுப்பாரில்லை. ஆயின் தள்ளுபடி எல்லாக் கடனுக்கும் வருவதில்லை. எல்லா ஆண்டும் வருவதுமில்லை. அதனை எதிர்நோக்கிக் கட்ட முடிந்தவரும் கட்டாதிருக்கும் நாள்களில் வட்டியும் அபராத வட்டியும் ஏறுவது பிணைதாரரின் தலைமேலும் அன்றோ? வாராத தள்ளுபடிக்கு நண்பரை ஈடு வைத்துக் காத்திருப்பது நன்றியுடையோர் செயலாகாது.

மெய்யாகவே கட்ட இயலாதவரை நாம் இங்கே குறை கூறவில்லை. செடி கருகியவரையும், தறி நின்றவரையும், நோயில் விழுந்தவரையும் பொதுவில் நிறுத்தி இகழ்வது கூட்டுறவின் கொள்கைக்கே மாறானது. அவர்களுக்குத்தான் சங்கம், அவர்களுக்குத்தான் நட்பு. நாம் பேசுவது விலை வந்தபின்னும் கடனை மறந்தவரைப் பற்றி. வீடு புதுக்கியபின்னும் பிணைதாரரின் முகத்தைத் தெருவில் கண்டு வேறு பக்கம் திரும்புபவரைப் பற்றி.

ஆதலின் நம் சங்கங்களுக்கும் அங்கத்தினருக்கும் சில சொல்ல விழைகிறோம்.

முதலாவது, வேண்டுதலைச் செலுத்துமுன் நண்பரின் பெயர் மாட்டிக்கொண்டிருக்கும் தவணையைச் செலுத்துக. முழுவதும் இயலாவிடில் இயன்றதைச் செலுத்துக. கூலிப் பாக்கியும் மளிகைப் பாக்கியும் அதனோடு சேர்ந்தவையே. இறைவனுக்குப் பொறுமை உண்டு. தவணைக்கு நாள் உண்டு.

இரண்டாவது, கட்ட இயலாதெனத் தெரிந்தால் தவணை நாளுக்கு முன்னரே பிணைதாரரின் வீட்டுக்கும் சங்கத்துக்கும் சென்று கூறுக. இயற்கைச் சீற்றத்தால் விளைச்சல் கெட்ட காலங்களில் தவணையை மாற்றியமைக்கும் வழிகள் கூட்டுறவுக் கடனில் உண்டு. ஒளிந்திருப்பவருக்கு அவ்வழி திறப்பதில்லை. நண்பர் துன்புறுவது பணம் போவதால் மட்டுமன்று. தபால்காரர் கையிலிருந்து செய்தியை அறிய நேர்வதால் அதனினும் மிகுதியாகத் துன்புறுகிறார்.

மூன்றாவது, சங்கங்களின் கடமை. பிணைதாரர் என்பவர் கடைசியில் பிடித்துக்கொள்ளும் ஆள் அல்லர். முதல் தவணை தவறியதுமே அவருக்கு அமைதியான கடிதம் ஒன்று செல்லவேண்டும். அப்போது தொகை சிறிது. பேசித் தீர்க்கக் காலமும் உண்டு. கடன் முடிந்த நாளிலும் அவருக்குக் கடிதம் செல்லவேண்டும்: தங்கள் பொறுப்பு இன்றோடு நீங்கியது, இத்தனை காலம் ஏற்று நின்றமைக்குச் சங்கம் நன்றி கூறுகிறது என்று இரு வரி போதும். வசூல் அறிவிப்புக்குத் தாள் செலவிடும் நாம் நன்றி அறிவிப்புக்கும் ஒரு தாள் செலவிடலாகாதா?

நான்காவது, விலை ஏறிய ஆண்டில் சங்கத்தை மறவாதிருத்தல். விலை இறங்கியபோது முன்பணம் தந்த சங்கத்தை விட்டு, ஏறியபோது கிலோவுக்குச் சில ரூபாய் கூடத் தரும் வியாபாரியிடம் காயைக் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டால், மறுமுறை விலை இறங்கும்போது முன்பணம் தரச் சங்கம் இராது. நல்ல ஆண்டில் கிலோவுக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என அங்கத்தினரே மகாசபையில் கூடி முடிவு செய்து, துன்பத்தில் விழும் அங்கத்தினருக்கென ஒரு நிதி ஒதுக்கலாம். அந்நிதி வளர்ந்தால் பிணைதாரரின் சுமை குறையும். பரவையார் பறையறைவித்தது இதற்கும் பொருந்தும்.

ஐந்தாவது, தாம் ஒருமுறை பிணையால் வாழ்ந்தவர், தம் நிலை சீர்ப்பட்டபின் மற்றொருவருக்குப் பிணை நிற்க முன்வருக. தம் சக்திக்கு மேற்பட்டு வேண்டா. தகுதி அறியாமலும் வேண்டா. வள்ளுவரே நட்பாராய்தல் என ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஆராய்ந்தபின் தயங்காமல் கையொப்பமிடுக. பெற்ற நட்பை, கொடுத்தவருக்கே திருப்பித் தரும் வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை. அவருக்குத் துன்பம் வந்தால்தான் தருவேன் என்று காத்திருப்பதும் நல்லெண்ணம் ஆகாது. எனவே அடுத்தவருக்குக் கொடுப்பதே அதனைத் தீர்க்கும் நேர்வழி.

இவற்றுள் எதுவும் இறைவனுக்குச் செலுத்தும் நன்றியைக் குறைப்பதன்று. உடனிருந்தாரை உயர்வாக நடத்தும் ஊரில்தான், துன்பம் வந்தபோது உடனிருக்க மேலும் ஒருவர் துணிவார். பிணை நின்று கெட்டவரைக் கண்ட ஊரில், 'எவருக்கும் கையெழுத்துப் போடாதே' என்று தந்தை மகனுக்குச் சொல்லி வைப்பார். அந்த அறிவுரை வீட்டுக்கு வீடு பரவுமாயின், நம் சங்கங்களின் கதவு திறந்திருந்தும் உள்ளே சங்கம் இராது. துன்பத்தில் உழல்பவன் இறைவனை வேண்டுவான். அனுப்புவதற்கு இறைவனிடமும் ஆள் இராது.

ஆகவே, அன்பர்களே, வரும் காயெடுப்பு முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில், தீபாவளிச் சேலைகள் விற்றுக் கூலி கைக்கு வரும் நாளில், முதல் தொகையைச் சங்கத்தில் செலுத்துவோம். பற்றுச்சீட்டைப் பிணை நின்றவரின் வீட்டுக்குக் கொண்டுசென்று அவர் கையில் கொடுப்போம். அதன்பின் அவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவோம்.